ஆறு சிங்கங்களும் ஓர் ஊசிக்காரரும்

“…அப்ப இனிமே பசு மாடு சினைக்குக் கத்தணும்னா, மொதல்ல இந்த டேங்க்கை எட்டிப் பாத்துப்புட்டுத்தான் கத்தணுமாண்ணே?”

அருப்புக்கோட்டையில் எங்கள் பைக் ஷோரூம் வாசலில் நின்றுகொண்டு முருகேசன் என்னிடம் கேட்டது இது. பகல் பதினொரு மணி. உள்ளே நான்கு வாடிக்கையாளர்கள், கம்பெனியின் மண்டல அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர், முதலாளி, நான். அந்தக் கேள்வி ஏன் வந்தது என்று சொல்ல வேண்டுமானால், அவருடைய வண்டிக்கு நான் செய்த காரியத்தை முதலில் சொல்ல வேண்டும்.

தம்பிகளே, தங்கச்சிகளே, நீங்கள் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். சிசி என்ன, டார்க் என்ன, தவணை எப்படி என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அதில் எனக்கு உங்களை விடக் குறைவாகத்தான் தெரியும். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு வணக்கம் சொன்னவன் நான். முப்பது வருஷம் இதே ஊரில் பைக் விற்றுவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றேன். எனக்கு இருந்த ஒரே பாடப்புத்தகம், வந்த ஆட்கள் சொன்னதை எழுதிவைத்த நோட்டு. “மைலேஜ எனக்குச் சொல்லாதீக, வீட்டுக்காரிக்குக் கேக்குற மாதிரி சத்தமாச் சொல்லுங்க” என்றார் பந்தல்குடிக்காரர் ஒருவர். “இந்த வண்டி கோவக்கார வண்டியா, சொன்ன பேச்சு கேக்குற வண்டியா?” என்று கேட்டார் பாலவநத்தத்து ஆசிரியை ஒருவர். அப்படியே எழுதிக்கொள்வேன். ஆளைத் தெரிந்துகொண்டால் வண்டி தானாக விற்கும் என்பது என் கட்சி.

அந்தத் தெரிந்துகொள்ளலில் எனக்கு ஒரு திமிர் உண்டு. நம் பக்கத்தில் யாரும் யாரிடமும் “நீங்க என்ன ஆளுக?” என்று நேரே கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு. அதனால் சுற்றி வளைத்துக் கேட்போம். எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு? பஸ்ஸை விட்டு இறங்கினால் கிழக்கே நடக்கணுமா, மேற்கேயா? குலசாமி கோயில் எங்கே? நாலு கேள்வியில் ஆள் அகப்பட்டுவிடுவார். நான் இரண்டாவது கேள்வியிலேயே பிடித்துவிடுவேன். அதை நான் ஒரு கைத்தொழில் மாதிரி வைத்திருந்தேன். அதில் வெட்கப்பட ஒன்று இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை, எனக்கும் தோன்றியதில்லை.

ஓய்வுக்கு முந்தின வருஷம் அந்த மண்டல அதிகாரி வந்தார். சின்ன வயசு. சென்னைப் படிப்பு. நல்ல பிள்ளை, வரும்போதெல்லாம் எங்கள் எல்லோருக்கும் பிஸ்கட் பாக்கெட் வாங்கி வருவார். மடிக்கணினியைத் திறந்து ஒன்றரை மணி நேரம் பேசினார். அந்த ஒன்றரை மணி நேரத்தில் சாதி என்ற சொல்லை ஒரு தடவை கூட அவர் சொல்லவில்லை. ‘கம்யூனிட்டி’ என்றார், ‘செக்மெண்ட்’ என்றார், ‘உணர்வு’ என்றார். இந்த வட்டாரத்து இளைஞர்கள் தங்கள் வண்டியில் தங்கள் பெருமையைக் காட்ட ஆசைப்படுகிறார்கள், அதை வெளியே ஸ்டிக்கர் கடைக்காரன் செய்து தருகிறான், நாமே செய்து தந்தால் என்ன என்பது திட்டம். பேசி முடித்து ஆறு அட்டைப் பெட்டிகளை மேசையில் வைத்தார். ஆறு பெட்டி, ஆறு கம்யூனிட்டி.

ஒவ்வொரு பெட்டியிலும் டேங்க்கில் ஒட்டும் ஒரு பெரிய சிங்கம், கைப்பிடிக்குக் குஞ்சம், நம்பர் பிளேட்டுக்கு மேலே ஒரு வாசகம். நிறம் மட்டும்தான் வேறு வேறு. என்னென்ன நிறம் என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவீர்கள்.

வாசகத்தைப் படித்துப் பார்த்தேன். ஆறு பெட்டியிலும் ஒரே வாசகம்: ‘ஆண்ட பரம்பரை’.

“தம்பி, ஆறு பேருமா ஆண்டாக?” என்றேன்.

“ஆமா சார். சர்வேல எல்லாருமே அதைத்தான் சொன்னாங்க.”

அறுபது வருஷமாக இந்தக் கரிசலில் இருக்கிறேன். கண்மாய் வெட்டியவர், ஆடு மேய்த்தவர், கருவேல் வெட்டிக் கரி மூட்டம் போட்டவர் எல்லோரையும் பார்த்திருக்கிறேன். ஆண்டவரை மட்டும் பார்த்ததில்லை. ஆறு பரம்பரையும் ஆண்டதென்றால் ஆளப்பட்டது யார்? வெள்ளாடுகளாகத்தான் இருக்க வேண்டும். சிங்கமும் அப்படித்தான். திருச்சுழிக் காட்டில் மயில் உண்டு, பன்றி உண்டு; சிங்கம் எந்த பஸ்ஸில் வந்து இறங்கியது என்று தெரியவில்லை.

முதலாளி வியாபாரக் குடும்பத்துக்காரர். கடைக்கு யார் வந்தாலும் ஒரே சிரிப்பு, ஒரே காபி. “இது நமக்கு வேணாமே” என்றுதான் மெதுவாகச் சொன்னார். திட்டத்தில் சேராத கடைகளுக்கு நன்றாக ஓடும் மாடல் குறைவாகத்தான் வரும் என்று அதிகாரி அதைவிட மெதுவாகச் சொன்னார். முதலாளி காபி சொல்லிவிட்டார்.

எனக்குக் கொடுத்த வேலை இது. வருகிறவர் எந்தப் பெட்டி என்று வாயால் கேட்கக் கூடாது. படிவத்தில் எழுதக் கூடாது. மூலையில் வண்ணப் பேனாவால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். வண்டியை ஒப்படைக்கும் நாளில் அந்தப் பெட்டியிலுள்ளதை ஒட்டி, சிவப்புத் துணியால் மூடிவைத்து, வாடிக்கையாளர் வந்து துணியை இழுக்கும்போது வீடியோ எடுக்க வேண்டும். “சர்ப்ரைஸ் சார்” என்றார். புள்ளி வைக்க இந்த ஊரிலேயே சரியான ஆள் நீங்கள்தான் என்றும் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாளே ஆறு நிறத்திலும் பேனா வாங்கிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டேன்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது. துணியை இழுத்ததும் சில பிள்ளைகள் விசிலடித்தார்கள். பிறகு ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து, எதிர் டீக்கடையில் நின்ற வண்டியின் சிங்கத்தைச் சாணால் அளந்துவிட்டு வந்து, “அவுக சிங்கத்துக்கு வாலு நாலு விரக்கடை நீளமா இருக்கு. இதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டார். ஒரே அச்சுதான் என்று சத்தியம் செய்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டி அனுப்பினேன். இன்னொரு நாள் இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் தயாராகிவிட்டன. எது முதலில் வாசலைத் தாண்டுவது என்று இரு குடும்பமும் முறைத்துக்கொண்டு நிற்க, முதலாளி பின்பக்கச் சுவரோரம் கிடந்த பழைய டயர்களை அப்புறப்படுத்தி இரண்டாவது வாசல் திறந்தார். இதையெல்லாம் நான் சிரிப்புக் கதையாக நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் முருகேசன் வந்தார். நாற்பது வயதிருக்கும். பழைய வண்டி எஞ்சின் போய் நின்றுவிட்டது. கேரியர் உறுதியாக இருக்க வேண்டும், நடுவழியில் நிற்கக் கூடாது என்று இரண்டே நிபந்தனை. அவர் ஊர் ஊராகப் போய் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். வீட்டில் மாடு கத்தினால் அவருக்குப் போன் வரும். அன்று சாயங்காலத்துக்குள் போய்விட வேண்டும்; பருவம் தப்பினால் இன்னும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும், பால்காரக் குடும்பத்துக்கு அது பெரிய நட்டம். ஊசி மருந்தை உறைநிலையிலேயே வைத்திருக்கும் கடுங்குளிர்த் திரவ நைட்ரஜன் கேன் எப்போதும் அவர் வண்டியின் பின்னால் இருக்கும்.

நான் என் கைத்தொழிலை ஆரம்பித்தேன்.

“எந்த ஊரு?”

“திருச்சுழி தாண்டிண்ணே.”

“தாண்டின்னா?”

“நரிக்குடிக்கு முந்தி.”

“சரி சரி. பஸ்ஸ விட்டு எறங்கி எந்தப் பக்கம் நடக்கணும்?”

“நான் பஸ்ஸுல போறதே இல்லைண்ணே.”

“கொலசாமி கோயிலு?”

“அதுக்கும் வண்டியிலதான் போவோம்.” சிரித்தார். “எங்க தொழில்லயும் சாதி கேப்பாகண்ணே. ஜெர்சியா, சிந்தான்னு. ஆனா மாட்டுக்குத்தான்.”

பெயரில் ஏதாவது அகப்படுமா என்று பார்த்தால் முருகேசன். முருகன் எல்லோருக்கும் பொது. இவ்வளவு வழுக்குகிற ஒருவர், வழுக்குவதைப் பிழைப்புக்காகவே பழகியிருப்பார் என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. என் திமிருக்கு அவர் ஒரு சவால் மாதிரி பட்டார். கடைசியில் மாற்றுப் போன் எண் கேட்டபோது ஊர்க்காரர் ஒருவரின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரையும் அந்த ஊரையும் சேர்த்துப் பார்த்தேன். அகப்பட்டுவிட்டார். சந்தோஷமாகப் புள்ளி வைத்தேன்.

வண்டி எடுக்க வந்த அன்று மாலை, எலுமிச்சம்பழம், சிவப்புத் துணி, வீடியோ எல்லாம் தயார். துணியை இழுத்தார். சிங்கத்தைப் பார்த்ததும் அவர் முகம் வேறு மாதிரி ஆனது. சந்தோஷ அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

“இது என்னண்ணே?”

“கம்பெனி இலவசம். நம்மளுகளுக்கு மட்டும்” என்று கண்ணைச் சிமிட்டினேன்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். போன் அடித்தது. யாரோ ஒருவர் வீட்டில் மாடு காலையிலிருந்து கத்துகிறதாம். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி அப்படியே போய்விட்டார்.

சரியாக மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தார். விருதுநகரில் கேனை நிரப்பிக்கொண்டு வருகிற வழி. அன்றைக்கென்று அந்த அதிகாரியும் திட்டத்தின் வெற்றியைப் படம் பிடிக்க வந்திருந்தார். ஆறு பெட்டிகளும் மேசையில் வரிசையாக இருந்தன. முருகேசன் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, சத்தம் போடாமல், கணக்காகப் பேசினார்.

“பதினெட்டு ஊருக்குப் போறேண்ணே. எல்லாத் தெருவுக்கும் போறேன். நான் யாருன்னு பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிஞ்சவுக தெரியாத மாதிரி இருப்பாக. நானும் அப்படித்தான். அந்தத் தெரியாத மாதிரியிலதாண்ணே பதினாறு வருசமா என் பொழப்பு ஓடுது. அதுமேல நீங்க சிங்கத்தை ஒட்டிப்புட்டீக.”

“எடுத்துப்புட்டா…” என்றேன்.

“மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சேன். நகம்தான் போச்சு. துண்டு போட்டு மூடினேன். மூடினதுக்கு அப்புறந்தான் எல்லாரும் உத்துப் பாத்தாக, இவரு எதை மறைக்காருன்னு. வண்டி எடுத்த அன்னைக்கே ஒரு தெருவுல, பின்னாடி மாடு கயித்த அத்துக்கிட்டுக் கத்துது, அந்தத் தாயி டேங்க்கைப் பாத்துட்டு, வீட்டுக்காரரு இல்ல நாளைக்கு வாங்கங்குது. நாளைக்கு வந்து நான் மாட்டுக்கு ஆறுதலா சொல்ல? இன்னொரு தெருவுல தோள்ல கையப் போட்டு, ஏலே பங்காளி, இத்தன நாளாச் சொல்லவே இல்லையே, எந்தக் கோயிலுங்கிறாக. ஒருத்தருக்கு நான் ஆகாதவன், ஒருத்தருக்குப் பங்காளி. ஊசிக்காரனா யாருக்கும் இல்ல. நாளுக்கு எட்டுப் போன் வந்த எடத்துல இப்ப ரெண்டு வருது. அதுவும் ஒண்ணு சிம்கார்டு கம்பெனிக்காரன். அப்ப இனிமே பசு மாடு சினைக்குக் கத்தணும்னா, மொதல்ல இந்த டேங்க்கை எட்டிப் பாத்துப்புட்டுத்தான் கத்தணுமாண்ணே?”

கேள்வி இப்படித்தான் வந்தது.

முதலாளிக்கு உடனே போன் வந்தது. மணி அடிக்காமலேயே வந்த போன். காதில் வைத்துக்கொண்டு இரண்டாவது வாசல் வழியாகப் போய்விட்டார்.

அதிகாரி பதறிவிட்டார். அவருக்கு உண்மையாகவே வருத்தம். “சாரி சார், சாரி சார். தப்பான கிட் ஒட்டிட்டாங்களா? மாத்திக் குடுத்துரலாம். இதோ ஆறும் இருக்கு.” பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து சிங்கங்களை மேசையில் பரப்பினார். “உங்களோடது எதுன்னு மட்டும் சொல்லுங்க.”

நான்கு வாடிக்கையாளர்களும் முருகேசன் பக்கம் திரும்பினார்கள்.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நெருக்கடியான நிமிஷங்களைப் பற்றி உங்களுக்குப் பெரியவர்கள் நிறையச் சொல்வார்கள். தாங்கள் எப்படிச் சமாளித்தோம் என்றுதான் சொல்வார்கள். நான் சமாளிக்கவில்லை. அந்தத் தம்பியின் கையைப் பிடித்து, “பெட்டியை மூடுங்க” என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும். முப்பது வருஷத்தில் நான் வாயை மூடியிருக்கக் கூடாத நிமிஷம் அது. நான் என்ன செய்தேன் தெரியுமா? மேசை மேல் சாய்ந்து காதைத் தீட்டிக்கொண்டேன். என் புள்ளி சரியா தப்பா என்று தெரிந்துவிடுமே! ஒரு மனிதர் தன் பிழைப்பைக் காப்பாற்ற நின்றுகொண்டிருக்கிறார். நான் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறேன்.

பின்னால் ஒரு நாள் வேறு வழியில் எனக்கு விடை தெரிந்தது. சரியா தப்பா என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். தெரிந்துகொள்ள உங்களுக்கு இப்போது ஒரு நமைச்சல் வருகிறதல்லவா? எனக்கு இருந்தது அதே நமைச்சல்தான். நான் சரியாகவே வைத்திருந்தாலும் அந்த வண்டியில் அவர் போயிருக்க முடியாது என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் புள்ளி வைத்த படிவங்களை எல்லாம் கிழித்தேன். மண்டல அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். இந்தத் திட்டம் ஆட்களைப் பிரிக்கிறது, வேண்டாம் என்று எழுதியிருந்தால் அதைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் போட்டிருப்பார்கள், கூட்டத்தில் ஏழாவது பெட்டி ஒன்று பிறந்திருக்கும். அதனால், ‘இந்த வட்டாரத்துத் தட்பவெப்பத்துக்கு ஸ்டிக்கரின் பசை நிற்கவில்லை’ என்று எழுதினேன். ஒரே வாரத்தில் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். எந்தப் பாஷையில் சொன்னால் மேலே காது கேட்கும் என்பதையும் தொழிலில் கற்றுக்கொள்ளுங்கள். ஒட்டிய வண்டிகளுக்கு என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். வேண்டாம் என்று வந்தவர்களுக்கு டேங்க்கை மாற்றிக் கொடுத்தோம். எல்லோரும் வரவில்லை. அதுவும் என் கணக்கில்தான் இருக்கிறது.

கடிதத்தில் நான் எழுதியது முழுப் பொய்யும் இல்லை. பசை நிற்காததை என் கண்ணாலேயே பார்த்தேன்.

அதிகாரி ஆறு சிங்கங்களோடு நின்றுகொண்டிருந்த அந்த நேரத்தில் முருகேசனின் போன் அடித்தது. கை அழுக்காக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். முதலில் கேட்டது மாட்டின் கத்தல். பிறகு ஒரு பெண் குரல், அடக்கிய குரல்.

“ஊசிக்காரரே, அன்னைக்கு நாளைக்கு வாங்கன்னு சொன்னேன்ல, நாந்தான். மாடு தப்பிருச்சு. இன்னைக்கு மறுபடி கத்துது. வாரீகளா?”

“வாரேன் தாயி.”

“அந்த வண்டியில வராதீக. வீட்டுக்காரரு ஏதாச்சும் சொல்லுவாக. வெலக்குல விட்டுப்புட்டு நடந்து வாரீகளா?”

மெயின் ரோட்டிலிருந்து ஊர்ச்சாலை பிரியும் அந்த விலக்கிலிருந்து ஊர் மூன்று கிலோமீட்டர். கையில் நிரப்பிய கேன். சித்திரை வெயில்.

“அதே வண்டியிலதான் வாரேன் தாயி” என்றார் முருகேசன். போனை மேல்பையில் போட்டார், அணைக்கவில்லை. எங்கள் யாரையும் பார்க்கவில்லை. வாசலுக்குப் போய், கேனின் மூடியைத் திறந்து, துண்டைச் சுருட்டிச் சிங்கத்தைச் சுற்றி அணை மாதிரி வைத்து, நைட்ரஜனைக் கொஞ்சமாகச் சாய்த்தார். புஸ்ஸென்று வெள்ளைப் புகை கிளம்பி வண்டியை மறைத்தது. அதிகாரி ஓடிவந்து, “சார், வாரண்டி போயிரும் சார்!” என்று கத்தினார். புகைக்குள்ளிருந்து, காய்ந்த அப்பளத்தை நொறுக்குவது போல ஒரு சத்தம் வந்தது. சாவி முனையால் நெம்பியிருக்கிறார். சிங்கம் நாலு துண்டாக வந்தது, கூடவே டேங்க்கின் பெயிண்ட்டும் வந்தது. கீழே வெறும் தகரம்.

அந்த நாலு துண்டையும் கொண்டுவந்து, மேசையில் பரப்பியிருந்த ஆறு சிங்கங்களுக்கு நடுவில் வைத்தார். கேனை மூடினார். கேரியரில் ஏற்றி ரப்பர் கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினார். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போனை எடுத்துக் காதோரம் செருகி, “மாட்டை நெழல்ல கட்டுங்க தாயி, தண்ணி காட்டுங்க, முக்கா மணி நேரத்துல வாரேன்” என்று சொல்லிவிட்டு, வண்டியை உதைத்துத் திருச்சுழி ரோட்டுக்குத் திருப்பினார்.